நாலு நட்டு மஸ்டாங்

பழைய ஃபோர்டு மஸ்டாங் கார் வாங்கப் போகிறவர்கள் பானட்டைத் திறப்பதற்கு முன் சக்கரத்தில் எத்தனை நட்டு என்று எண்ண வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் என்னுடைய ஐந்து குளிர்காலங்கள் வேறு மாதிரி போயிருக்கும். 2019 அக்டோபரில் எனக்கு அது தெரியாது. மிச்சிகனுக்கு வந்து பன்னிரண்டு வருடம், கராஜில் ஒரு பக்கம் காலி, கையில் கொஞ்சம் சேமிப்பு. ‘1965 மஸ்டாங், ஒரிஜினல் வி8’ என்று விளம்பரம். வி8 என்றால் எட்டு சிலிண்டர் இன்ஜின். போனேன். ரத்தச் சிவப்பில் பளபளவென்று நின்றது. முன் மட்கார்டில் 289 என்று குரோம் பட்டை, கன அங்குலத்தில் இன்ஜினின் அளவு. விற்றவர் சாவியைத் திருப்பினார். அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியதும் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச புத்தியும் சைலன்சர் வழியாக வெளியே போய்விட்டது.

டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று மாலை பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். முப்பது வருடம் கார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காரை ஒரு சுற்று சுற்றினார், ஒன்றும் பேசவில்லை. பாக்கெட்டிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, சக்கரத்தை மூடியிருந்த குரோம் தட்டை நெம்பினார். உள்ளே நாலு நட்டு.

“இதை வி8 என்று யார் சொன்னது?” என்றார்.

அந்தக் காலத்து மஸ்டாங்கில் ஆறு சிலிண்டர் காருக்கு நாலு நட்டு, வி8 காருக்கு ஐந்து. நட்டோடு போகவில்லை. ஆறு சிலிண்டர் காரில் பிரேக் டிரம் 9 அங்குலம், வி8-இல் 10. பின் ஆக்சிலும் சிறியது, ஸ்டியரிங் கம்பிகளும் மெலிந்தவை. ஃபோர்டு நிறுவனம் எடைக்கும் சக்திக்கும் ஏற்றபடி அளந்துதான் கொடுத்திருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் இன்ஜினை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே விட்டிருக்கிறார்.

அப்புறம் பதிவுச் சான்றை எடுத்து வந்தேன். பொய் அதிலேயே எழுதியிருந்தது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. வண்டி எண் 5எஃப்07டி (5F07T) என்று தொடங்கியது. 5 என்றால் 1965. எஃப் என்றால் டியர்பார்ன் ஆலை; என் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம். 07 என்றால் இரண்டு கதவு கூரைக் கார். அடுத்த எழுத்துதான் இன்ஜின். 289 வி8 என்றால் சி, ஏ, கே என்று வரும். டி (T) என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர், 120 குதிரைத்திறன். நியூயார்க் உலகக் கண்காட்சியில் 1964 ஏப்ரல் 17 அன்று மஸ்டாங் அறிமுகமானபோது, அடிப்படை விலை 2,368 டாலர் என்று விளம்பரம் செய்தார்கள். ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காரின் அடித்தளத்தில் அழகான சட்டை மாட்டி, அந்த விலைக்குக் கொடுத்ததால்தான் முதல் இரண்டு வருடத்தில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அலுவலகம் போகவும் காய்கறி வாங்கவும் ஆறு சிலிண்டர் வாங்கியவர்கள் ஏராளம். என் காரும் அப்படி ஒரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட கார்தான்.

சரி, வி8-ஆவது 289 தானா? ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மேலே இன்ஜின் பிளாக்கில் வார்ப்பு எண் இருக்கும். கிரீஸைச் சுரண்டி, டார்ச் அடித்துப் பார்த்தேன். டி4 (D4) என்று தொடங்கியது. ஃபோர்டு கணக்கில் சி (C) என்றால் அறுபதுகள், டி (D) என்றால் எழுபதுகள். ஆக 1974-க்கான வடிவமைப்பு; காரை விட ஒன்பது வயது இளையது. 289 இல்லை, 302. கேட்பதற்குப் பெரிய எண். ஆனால் புகைக் கட்டுப்பாட்டுக்காக அழுத்தத்தைக் குறைத்து, மூச்சுக் குழாயை நெரித்து விற்ற காலத்து இன்ஜின் அது. அந்த 302-களில் பல 140 குதிரைத்திறனை ஒட்டியே நின்றன. என் நெஞ்சுக்குள் இறங்கிய சத்தம் ஓட்டை சைலன்சரின் சத்தம்.

இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. என் மனைவி மட்டும், “விக்கிறவன் பொய் சொன்னான், வாங்கினவன் எண்ணல. சரியாப் போச்சு” என்றாள்.

மூன்றாம் நாள்தான் ஒன்று உறைத்தது. இது 289-களிலேயே சக்தி மிகுந்த, உண்மையான கே எழுத்துக் காராக இருந்திருந்தால் நான் ஒரு போல்ட்டைக்கூட மாற்றியிருக்க முடியாது. அந்தக் கார்களை வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆலையில் சாக்குக்கட்டியால் எழுதிய கிறுக்கலைக்கூடத் திரும்ப அதே இடத்தில் எழுதிவைப்பார்கள். இன்ஜின் எண்ணும் கார் எண்ணும் பொருந்தினால் ஒரு விலை, பொருந்தாவிட்டால் பாதி விலை. கோயில் சிலைக்குக் காவல் இருப்பது போல ஒரு வாழ்க்கை. என்னுடையதில் காப்பாற்ற எதுவும் இல்லை. யாரோ ஏற்கெனவே கெடுத்துவிட்டார்கள். இனி நான் நல்லபடியாகக் கெடுக்கலாம்.

மஸ்டாங்கை மசில் கார் என்று சொல்லலாமா என்று ஒரு கூட்டம் சண்டைக்கு வரும். அவர்கள் கணக்கில் இது குட்டிக் குதிரை. மசில் கார் என்றால் 1964-இல் வந்த பான்டியாக் ஜிடிஓவும் அதன் வாரிசுகளும்தான். அந்த ஜிடிஓ பிறந்த கதையைப் பாருங்கள். நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி இருந்தது. ஜான் டிலோரியன் தலைமையிலான பான்டியாக் பொறியாளர்கள் டெம்பெஸ்ட் காரில் 389-ஐ வைத்து, ‘தனி மாடல் இல்லை, கேட்டால் பொருத்தித் தருகிற கூடுதல் வசதி’ என்று கணக்குக் காட்டிவிட்டார்கள். சிறிய உடம்பில் பெரிய இன்ஜினைத் திருட்டுத்தனமாக வைப்பதுதான் இந்தச் சாதியின் பிறவிக் குணம் என்றால், என் காருக்கும் அதில் இடம் உண்டு.

வேலை இன்ஜினில் தொடங்கும் என்று நினைத்தேன். தரையில்தான் தொடங்கியது.

இந்தக் கார்களுக்கு ஒரு பரம்பரை வியாதி இருக்கிறது. முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்கு அடியில், காற்று உள்ளே வருவதற்காக ஒரு மூடிய தொட்டி உண்டு. மழைத்தண்ணீர் அதில் விழுந்து இரு பக்கமும் வடிந்து போக வேண்டும். தொட்டிக்குள் இரண்டு தொப்பி மாதிரியான தகடுகள், தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பவை. இலை விழுந்து மக்கி, ஈரம் தங்கி, அந்தத் தொப்பிகளின் அடி துருப்பிடித்து ஓட்டையாகும். வெளியே எதுவும் தெரியாது, ஓட்டுபவரின் கால் மட்டும் நனையும். பெரியவர் ஒரு வாளித் தண்ணீரை அதில் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். தண்ணீர் ஓட்டுநர் பக்கத் தரைவிரிப்பில் விழுந்து, விரிப்பைத் தாண்டி, தரைத் தகட்டையும் தாண்டி, கராஜ் சிமென்டில் வழிந்தது. மேலிருந்து கீழ்வரை தடங்கலே இல்லை.

மிச்சிகனில் காரின் எதிரி உப்பு. பனிக்காலத்தில் சாலையெல்லாம் உப்புத் தூவுவார்கள். டெட்ராய்ட் நகருக்கு அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே, உப்புச் சுரங்கமே ஓடுகிறது. மேலே கார் செய்கிற ஊர், கீழே காரைத் தின்கிற உப்பு. விரிப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு, சிவப்புப் பெயின்டை உரசத் தொடங்கினேன். கதவுக்குக் கீழே விரல் தடிமனுக்குப் பட்டி வந்தது. பட்டிக்கு அடியில் கம்பி வலை. வலைக்கு அடியில் ஒன்றுமே இல்லை.

கரூரில் என் தாய்மாமன் பஸ் பாடி கட்டும் பட்டறையில் நாற்பது வருடம் டிங்கர் வேலை பார்த்தவர். சேஸிஸ் மட்டும் வந்து நிற்கும். இவர்கள் கையில் அது பஸ்ஸாகும். அவருக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“அது பட்டியா கண்ணு, இல்ல கட்டடத்துக்குப் பூசுற கலவையா?”

“பட்டிதானுங்க மாமா.”

“அதை எடுத்தீன்னா வண்டியே இல்லையே. இதுக்கு அடியில சேஸிஸ் உண்டா?”

“இல்லைங்க. பாடியேதான் சேஸிஸ்.”

“அப்ப ரெண்டு பக்கமும் ஒண்ணா அறுத்துராத. கதவுச் சந்துல குறுக்கக் கம்பி வெச்சு வெல்டு பண்ணிக்க. ஒரு பக்கம் முடிச்சிட்டுத்தான் மறுபக்கம் போகோணும். இல்லீன்னா வாழப்பழமாட்ட வளஞ்சு நின்னுரும்.”

மஸ்டாங்கை அவர் படத்தில்கூடப் பார்த்ததில்லை. இணையத்தில் நான் எட்டு மணி நேரம் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் அரை நிமிடத்தில் சொன்னார்.

வெல்டிங் எனக்குத் தெரியாது. ஒரு சிறிய மிக் வெல்டர், 0.6 மில்லிமீட்டர் கம்பி, முக்கால் ஆர்கானும் கால் கரியமில வாயுவும் கலந்த சிலிண்டர். முதல் மாதம் ஒட்டியதை விட ஓட்டை போட்டதே அதிகம். தரைத் தகடு ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன்தான். கோடு போல இழுத்து வெல்டு வைத்தால் சூட்டில் அப்பளம் மாதிரி நெளியும். ஒரு புள்ளி இங்கே வைத்து, அடுத்த புள்ளியை ஒரு சாண் தள்ளி வைத்து, ஆறவிட்டு, திரும்ப வந்து நடுவில் ஒரு புள்ளி. கோலம் போடுவது போலத்தான். அப்புறம் கிரைண்டர் பிடித்து மட்டமாக்க வேண்டும். (எங்கள் வீட்டில் கிரைண்டர் என்றால் இப்போது எந்தக் கிரைண்டர் என்று கேட்கிறார்கள்.) கண்ணாடிக்குக் கீழே இருந்த தொட்டியைப் பிரிக்க நூற்றுக்கு மேற்பட்ட பொட்டு வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்தேன். மூடியைத் தூக்கியபோது உள்ளே மேப்பிள் இலைச் சருகும், ஒரு காலி எலிக்கூடும், ஒரு சின்ன நீலப் பொம்மைக் காரும் கிடந்தன. பொம்மைக் கார் எப்படி அங்கே போனது என்று இன்றுவரை புரியவில்லை. அதில் துரு இல்லை.

இரண்டு குளிர்காலம் இதற்கே போனது. வந்து பார்த்த நண்பர்கள், “எப்போ சார் வண்டி ஓடும்?” என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

மூன்றாவது வருடம் பிரேக். வேகம் கூட்டுவதற்கு முன் நிற்பதற்கு வழி பண்ணு என்று பெரியவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். 1965-இல், பிரேக் எண்ணெயை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை. ஒரு சக்கரத்துக் குழாய் ஒழுகினால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. 1967 மாடலிலிருந்துதான் மஸ்டாங்கில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு அறை வந்தது. ஆறு சிலிண்டர் காரின் 9 அங்குல டிரம், ஒற்றை அறை, அதன் மேல் வி8. இந்தக் காரை விற்றவர் இதில் நெடுஞ்சாலையில் போய்வந்ததாகச் சொன்னார். அவர் ஆயுசு கெட்டி.

முன்னால் ஐந்து நட்டு டிஸ்க் பிரேக், இரண்டு அறை மாஸ்டர் சிலிண்டர், பின்னால் எழுபதுகளின் ஃபோர்டு மாவெரிக் ஒன்றிலிருந்து கழற்றிய 8 அங்குல ஆக்சில். பழைய இரும்புக் கடையில் அந்த ஆக்சிலைத் தேடி மூன்று சனிக்கிழமை சேற்றில் அலைந்தேன். குழாய்களை நானே வளைத்து, முனைகளை இரண்டு மடிப்பாக மடித்தேன். ஒரு முனை சரியாக மடியவில்லை. பிரேக் எண்ணெய் இரவெல்லாம் சொட்டி, நான் ஆசை ஆசையாகப் பெயின்ட் அடித்த உட்தகட்டைப் பாலாடை மாதிரி உரித்துவிட்டது. அந்தப் பெயின்டை அடிக்க ஒரு வாரம். உரிய ஆறு மணி நேரம்.

பெட்ரோல் டேங்க் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் காரில் டேங்க்கின் மேல்தகடுதான் டிக்கியின் தரை. பெட்டி வைத்தால் டேங்க் மேல்தான் வைக்கிறோம். டிக்கிக்கும் பின் சீட்டுக்கும் நடுவே வெறும் அட்டை. பின்னாலிருந்து யாராவது மோதினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை. அங்கே இரும்புத் தகடு வைத்து அடைத்தேன். இடுப்பு பெல்ட்டை எடுத்துவிட்டுத் தோள் பெல்ட் போட்டேன். இவையெல்லாம் ஒரிஜினல் இல்லை என்று ஒருவர் குறை சொன்னார். என் மகள் உட்காரப்போகிற சீட் அது, அதனால் பதில் சொல்லவில்லை.

இனி இன்ஜின். எல்லோரும் கேட்பது இதைத்தான், நான் மிகக் குறைவாகக் கஷ்டப்பட்டதும் இதில்தான். பழைய 302-ஐ ஒக்கிடுவதற்குப் பதிலாக, 1990-களின் கடைசியில் வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் ஒன்றின் 5.0 இன்ஜினை வாங்கினேன். அதே குடும்பம், அதே அளவு, ஆனால் உள்ளே ரோலர் கேம். (கேம் என்பது வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் மேடுகள் கொண்ட தண்டு.) பழைய வகைக் கேம் என்றால் முதல் முறை ஓடும்போது இருபது முப்பது நிமிடம் வேகத்தைக் குறைக்காமல் ஓடவிட வேண்டும். துத்தநாகம் கலந்த எண்ணெய் தேடிப் போட வேண்டும். இல்லையென்றால் கேமின் மேடு தேய்ந்து முடிந்தது கதை. ரோலருக்கு அந்தக் கவலை இல்லை. எக்ஸ்ப்ளோரரில் அதன் கணக்கு 210-ஐ ஒட்டிய குதிரைத்திறன். 1965-இன் 289-க்கு 200 என்று போட்டிருப்பார்களே, பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். அந்தக் காலத்தில் வெறும் இன்ஜினை மேடையில் வைத்து, முழு சைலன்சரோ இழுவைச் சாமான்களோ இல்லாமல் அளந்த எண் அது. எழுபதுகளின் தொடக்கத்தில்தான் காரில் இருப்பது போலவே அளக்க ஆரம்பித்தார்கள். இரண்டு எண்களும் ஒரே தராசில் நிறுத்தவை அல்ல.

எக்ஸ்ப்ளோரரின் எண்ணெய்த் தொட்டி மஸ்டாங்கில் உட்காராது. பழைய 302-இன் தொட்டியையும் முன்மூடியையும் கழற்றி இதில் மாட்டினேன். அந்த வேகத்தில் கிராங்கின் முன்னால் இருக்கும் கனத்த சக்கரத்தையும் பழையதே போடலாம் என்று எடுத்தேன். பெரியவர் கையைப் பிடித்துவிட்டார். எண்பதுகளின் தொடக்கம்வரை வந்த 302-க்கு எடைச் சமன் 28 அவுன்ஸ்-அங்குலம், பிறகு வந்தவற்றுக்கு 50. முன்னும் பின்னும் அதற்கேற்ற தட்டுகளைத்தான் போட வேண்டும். மாற்றிப் போட்டால் போல்ட்டு எல்லாம் அழகாகப் பொருந்தும்; ஓடும்போதுதான் இன்ஜின் தன்னைத் தானே உதறிக் கொல்லும்.

அதில் தப்பித்தேன், பிளக் ஒயரில் மாட்டினேன். என்னிடம் இருந்தது 1965-இன் கையேடு. அதில் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-5-4-2-6-3-7-8. அப்படியே மாட்டிச் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் இருமியது, கனைத்தது, கார்புரேட்டர் வழியாக ஒரு முழ நெருப்பு துப்பியது. நல்ல வேளை, காற்று வடிகட்டி மூடியிருந்தது. டைமிங்கை இப்படியும் அப்படியும் திருப்பி ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கினேன். எக்ஸ்ப்ளோரர் கேமின் வரிசை 1-3-7-2-6-5-4-8. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தவள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள். “அப்பா, எட்டுல நாலு சரியாத்தான் வெடிக்குது. மூணையும் அஞ்சையும் மாத்துங்க, நாலையும் ஏழையும் மாத்துங்க” என்றாள். நாலு ஒயர். மாற்றி மாட்டியதும் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் வாசலில் நின்று தொப்பியைத் தூக்கிக் காட்டினார்.

எல்லா மாற்றங்களிலும் எனக்கு மிகப் பிடித்தது காசே செலவாகாத ஒன்று. முன் சக்கரத்தைத் தாங்கும் மேல் கை, இரண்டு போல்ட்டில் உடம்போடு பிடித்திருக்கும். அந்த இரண்டு துளைகளையும் ஒரு அங்குலம் கீழே இறக்கிப் புதிதாகத் துளைத்தால், வளைவில் டயர் சாய்கிற விதமே மாறிவிடும். கிளாஸ் ஆர்னிங் என்ற ஃபோர்டு பொறியாளர் கண்டுபிடித்தது. பந்தயக் கார்கள் செய்த கேரல் ஷெல்பி, தன் 1965 ஜிடி350 மஸ்டாங்குகளில் இதைச் செய்தார். ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றும்போது மட்டும் சாமியை வேண்டிக்கொள்ள வேண்டும், நழுவினால் ஆளைக் கொல்லும். மற்றபடி ஒரு அளவுத்தாள், ஒரு துளைப்பான், ஒரு மதியம். பெரிய சக்கரம், உயரம் குறைந்த டயர், மின் திரை வைத்த டாஷ்போர்டு என்று ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் இந்த ஒரு அங்குலத்தைச் செய்யாமல் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சலாக இருக்கும்.

நிறத்துக்கு வீட்டில் வாக்கெடுப்பு நடந்தது. கதவில் அறைந்திருந்த தகட்டில் நிறக் குறியீடு ஒய், அதாவது சில்வர் ப்ளூ. டாஷ்போர்டுக்குப் பின்னால், சிவப்பு எட்டாத இடத்தில், அந்த வெளிர்நீலம் அப்படியே இருந்தது. தொட்டிக்குள் கிடந்த பொம்மைக் காரும் கிட்டத்தட்ட அதே நிறம். வாக்கெடுப்பு அதோடு முடிந்தது. பெயின்டை மட்டும் கடையில் கொடுத்து அடித்தேன். உப்புத்தாள் தேய்த்தது நாங்கள். மட்கார்டில் 289 பட்டைக்காகப் போட்டிருந்த துளைகளை வெல்டு வைத்து மூடினேன். அந்த இடத்தில் இப்போது எதுவும் இல்லை, ஆலையிலிருந்து வந்த ஆறு சிலிண்டர் காரைப் போலவே.

மிச்சிகனில் பழைய காருக்கான சிறப்பு நம்பர் பிளேட் வாங்கினால் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ஊர்வலம் என்று போகலாம். ஆகஸ்ட் மாதம் மட்டும் விலக்கு, அந்த மாதம் முழுக்க ஓட்டுவதையே கண்காட்சி என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. 2024 ஆகஸ்டில் மகளை ஏற்றிக்கொண்டு உட்வர்ட் அவென்யூவுக்குப் போனேன். டெட்ராய்டிலிருந்து பான்டியாக் ஊர்வரை போகிற சாலை, அறுபதுகளில் இளவட்டங்கள் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்ட இடம். 1995 முதல் ஒவ்வொரு ஆகஸ்டும் பழைய கார்கள் அங்கே கூடுகின்றன. நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒருவர் மட்கார்டைப் பார்த்தார், பட்டை இல்லை. “ஆறா?” என்று கேட்டார். “வண்டி எண்ணைக் கேட்டால் ஆறு” என்றேன். சிக்னல் விழுந்தது. காலை அழுத்தினேன். கண்ணாடியில் பார்த்தபோது அவர் நாற்காலியை விட்டு எழுந்திருந்தார்.

திரும்பும் வழியில் நல்ல மழை. மகள் குனிந்து தன் பக்கத்து விரிப்பைத் தடவிப் பார்த்து, “காஞ்சு கிடக்குப்பா” என்றாள். எனக்கு இடது காலுறை ஈரமாகியிருந்தது. தொட்டியில் ஒழுகவில்லை, அதை மூன்று முறை வாளி ஊற்றிச் சோதித்தாயிற்று. கண்ணாடி ரப்பராக இருக்கும் என்று பெரியவர் சொல்கிறார். வரும் சனிக்கிழமை கழற்றிப் பார்க்க வேண்டும்.